சுலபம் என்பது யாருக்குச் சுலபம்? திருமண வீட்டுப் பிளாஷ் பற்றிச் சில வார்த்தைகள்

"ஐயா, கலியாண வீட்டுப் படம் எடுக்கச் சுலபமான பிளாஷ் ஒன்று சொல்லுங்கோ" என்று என்னிடம் கேட்கும் இளைஞர்களின் தொகை கூடிக்கொண்டே போகின்றது. பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவனுக்குக் கமரா பற்றியும் தெரிந்திருக்கும் என்பது அவர்களின் எண்ணம். கேள்வி நியாயமானது. அதற்குக் கடைக்காரரும் யூடியூப் ஆசான்களும் கொடுக்கும் விடைதான் நியாயமற்றது. "ஆகக்கூடிய சக்தி உள்ளதை வாங்கு, எல்லாவற்றையும் தானாகவே செய்வதை வாங்கு, நீ எதையும் யோசிக்கத் தேவையில்லை" என்பதே அந்த விடை. இது வியாபாரிக்குச் சுலபமான விடை. மணவறைக்கு முன்னால் நிற்பவனுக்கு இதனால் ஒரு சுலபமும் இல்லை.

திருமண வீட்டில் படப்பிடிப்பாளனின் நிலைமையை முதலில் எண்ணிப் பாருங்கள். சடங்கு மணிக்கணக்கில் நடக்கும். தாலி கட்டுவது சில விநாடிகளில் முடிந்துவிடும். கெட்டிமேளம் முழங்கும், அறுகரிசி பறக்கும், உறவினர் எல்லோரும் ஒரேயடியாக எழுந்து நிற்பர், ஓமப்புகை கண்ணை மறைக்கும். "ஐயா, ஒருக்கால் திரும்பக் கட்டச் சொல்லுங்கோ" என்று குருக்களிடம் கேட்க முடியாது. அந்த விநாடிகளில் பிளாஷின் திரைக்குள் பட்டியலைத் திறந்து தேடுபவன் தோற்றுவிட்டான் என்று பொருள்.

இதனை ஒரு சிறு விடயமாக நான் கருதவில்லை. எண்பதுகளின் பின்னர் நமது குடும்பங்கள் உலகெங்கும் சிதறின. அண்ணன் ரொறன்ரோவில், அக்கா பரிசில், தங்கையின் திருமணமோ யாழ்ப்பாணத்தில். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் அங்கேயே கிடந்தவர்கள் அத்திருமணத்தை அல்பத்தில்தான் கண்டார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து மக்கள் வெளியேறியபோது, உடுபுடைவையோடு திருமண அல்பத்தையும் சுமந்து நடந்தவர்கள் உண்டு. வரமுடியாதவர்களுக்கு அந்தப் படங்களே திருமணம். அப்படியிருக்க, சுண்ணாம்பு பூசியது போன்ற முகங்களையும் பின்னால் கரிய நிழல்களையும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போவது எந்த வகையில் நேர்மையாகும்?

முதலில் சக்தி என்ற மாயையை எடுத்துக்கொள்வோம். பிளாஷ் பெட்டியில் பெரிதாக அச்சிடப்படுவது 'வழிகாட்டி எண்'. பிளாஷிலிருந்து ஆள் நிற்கும் தூரத்தை மீற்றரில் அளந்து, அதனை வில்லையின் எஃப் எண்ணால் பெருக்கினால் வருவது அது. ஐ.எஸ்.ஓ. 100 என்ற நிலையில் சொல்லப்படுவது வழக்கம். 60 என்று போட்டிருந்தால் வாங்குபவர் மயங்கிவிடுகின்றார். 2012 இல் வந்த கனொன் 600 ஈ.எக்ஸ்.-ஆர்.ரி. என்ற பிளாஷின் எண் 60 தான். ஆனால், அது ஒளிக்கற்றையை 200 மி.மீ. வில்லைக்கு ஏற்பக் குறுக்கியபோது கிடைக்கும் எண். மண்டபத்தில் நாம் பயன்படுத்தும் 35 மி.மீ. அகலத்துக்கு விரித்தால் அதே கருவியின் எண் 36 அளவுக்கு இறங்கிவிடும். பெட்டியில் அச்சிட்டது பொய்யன்று. எமக்குப் பயன்படாத உண்மை.

அந்த 36 கூடத் தேவைக்கு மேலானது என்பதைச் சிறு கணக்கொன்று காட்டும். ஒளியைக் கூரையில் பட்டுத் திரும்ப விடுகின்றோம், அது போய்வரும் தூரம் 6 மீற்றர், வில்லை எஃப் 4, ஐ.எஸ்.ஓ. 1600 என்று கொள்வோம். ஆறை நான்கால் பெருக்க 24. ஐ.எஸ்.ஓ. 100 இலிருந்து 1600 க்கு ஏறும்போது வழிகாட்டி எண் நான்கு மடங்காகும், ஆகவே ஐ.எஸ்.ஓ. 100 கணக்கில் தேவை 6 மட்டுமே. ஒளியில் காற்பங்குதான் கூரையிலிருந்து திரும்பி வருகின்றது என்று வைத்தாலும் தேவை 12. எண் 36 உள்ள பிளாஷ் தன் சக்தியில் ஒன்பதில் ஒரு பங்கைச் செலவழித்தால் போதும். இன்றைய கமராக்களில் ஐ.எஸ்.ஓ. 1600 ஒரு பொருட்டே அல்ல. மிக உயர்ந்த மண்டபத்திலும் நண்பகல் வெயிலிலும் கூடிய சக்தி உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால், சக்திக்காகவே இருமடங்கு விலை கொடுப்பவர் ஆண்டுக்கு எத்தனை முறை அதனைப் பயன்படுத்துகின்றார் என்பதைத் தம்மையே கேட்கட்டும்.

அடுத்தது, 'தானாகவே செய்யும்' என்ற மாயை. ரி.ரி.எல். என்ற முறையில், படம் பதிவாகுமுன் பிளாஷ் ஒரு சிறு ஒளியை வீசும். திரும்பி வரும் ஒளியைக் கமரா அளந்து முழு ஒளியைத் தீர்மானிக்கும். அந்த அளவீடு உலகம் முழுவதும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற எடுகோளில் நிற்கின்றது. நமது மணவறையோ சாம்பல் நிறத்தை அறியாதது. வெள்ளை வேட்டி சட்டையுடன் நிற்கும் தந்தையர் நிறைந்த படத்தில் கருவி ஒளியைக் குறைத்துவிடும்; முகங்கள் இருண்டுவிடும். வரவேற்பில் கறுப்புக் கோட்டு அணிந்த மணமகன் வந்தால் ஒளியைக் கூட்டிவிடும், முகம் வெளிறிவிடும். கூறைச்சேலையின் சரிகையும் தாலிக்கொடியும் ஒளியைத் தெறித்தால் கணக்கு இன்னும் குழம்பும். ஒரே இடத்தில் அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்களில் ஒரே மணமகளின் முகம் மூன்று நிறமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பின்னர் கணினியில் அமர்ந்து எல்லா முகங்களையும் வெளுப்பாக்கி ஒரே நிறத்துக்குக் கொண்டுவருகின்றார்கள். நமது நிறத்தை நாமே அழிப்பதற்கு இப்படியும் ஒரு தொழில்நுட்பக் காரணம் கிடைத்துவிட்டது!

2018 இல் கனொன் நிறுவனம் 470 ஈ.எக்ஸ்.-ஏ.ஐ. என்ற பிளாஷை வெளியிட்டது. முன்னாலும் மேலேயும் ஒளி வீசித் தூரங்களை அளந்து, தன் தலையைத் தானே திருப்பிக்கொள்ளும் கருவி அது. பொறியியல் என்ற வகையில் பாராட்டத்தக்கது. ஆயினும் அது கணக்கிடுவது தூரத்தை. மணமகன் தலைப்பாகை அணிந்திருக்கின்றார் என்பதும், நேர் மேலிருந்து ஒளி விழுந்தால் அவரது கண்கள் இரண்டும் நிழலில் மூழ்கிவிடும் என்பதும் அதற்குத் தெரியாது. மேலே கட்டியிருப்பது சிவப்புத் துணி என்பதும், அதில் பட்டுத் திரும்பும் ஒளி முகத்தையும் சிவப்பாக்கும் என்பதும் அதற்குத் தெரியாது. தலைப்பாகை உள்ள இடத்தில் ஒளியைப் பக்கச் சுவருக்கோ, தனக்குப் பின்னால் உள்ள வெள்ளைச் சுவருக்கோ திருப்பவேண்டும் என்பதைப் படப்பிடிப்பாளன்தான் தீர்மானிக்கவேண்டும். கழுத்தைக் கையால் திருப்ப ஒரு விநாடி போதும்.

பத்திரிகை உலகிலிருந்து ஒரு சான்று தருகின்றேன். நியூயோர்க் நகரில் 1930களிலும் 1940களிலும் இரவுநேரக் குற்றங்களையும் விபத்துகளையும் படமெடுத்தவர் ஆதர் ஃபெலிக். வீஜி என்ற பெயரில் உலகம் அறிந்தவர். அவரிடம் இருந்தது ஸ்பீட் கிராஃபிக் கமராவும் ஒருமுறை எரிந்து தீரும் பிளாஷ் குமிழ்களும். எஃப் 16, செக்கனில் 200 இல் ஒரு பங்கு, பத்து அடித் தூரம் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு இருட்டுக்குள் இறங்கினார். அவரது ஒளி முகத்தில் அறையும் கடுமையான ஒளி. அது திருமண வீட்டுக்கு ஆகாது. நாம் கற்கவேண்டியது அவரது ஒழுங்கை. முடிவுகளை முன்னரே எடுத்துவிட்டதால், சம்பவ இடத்தில் அவருக்குப் பார்ப்பது மட்டுமே வேலையாக இருந்தது.

மணவறையும் அப்படியான இடமே. மேடையும் கூரையும் அசைவதில்லை. படப்பிடிப்பாளன் நிற்கும் தூரமும் பெரிதாக மாறுவதில்லை. சடங்கு தொடங்குமுன் இரண்டு மூன்று படம் எடுத்துப் பார்த்துச் சக்தியை எட்டில் ஒரு பங்கு என்றோ நான்கில் ஒரு பங்கு என்றோ கையால் நிலைநிறுத்திவிட்டால், வெள்ளை வேட்டி வந்தாலும் சரிகை வந்தாலும் முகத்தின் ஒளி மாறாது. மாப்பிள்ளை அழைப்பில் தூரம் அடிக்கு அடி மாறும், அங்கே ரி.ரி.எல். முறையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இரண்டுக்கும் இடையே ஒரே பொத்தானில் மாற முடியுமானால் அதுவே சுலபமான பிளாஷ்.

இனி, பிளாஷே வேண்டாம் என்னும் புதிய மதத்தினருக்கும் ஒரு வார்த்தை. இருட்டிலும் பார்க்கும் கமரா இருக்க, 'இயற்கை ஒளி' போதும் என்கின்றனர். தேவாலயத்தில் குருவானவர் பிளாஷ் வேண்டாம் என்றால் அதற்குக் கட்டுப்படத்தான் வேண்டும். ஆனால், ஸ்காபரோவிலும் லண்டனிலும், ஏன் கொழும்பிலும், இன்றைய மண்டபங்களில் இயற்கை ஒளி எங்கே இருக்கின்றது? சோடனைக்காரர் பொருத்திய ஊதா விளக்கும் வீடியோக்காரரின் விளக்கும்தான் இருக்கின்றன. இருட்டை ஐ.எஸ்.ஓ. வெல்லும், ஊதா நிறமான மணமகளை அது மீட்டுத் தராது. இன்னொன்றும் சொல்லவேண்டும்: பெரும்பாலான கமராக்களில் ஓசையற்ற மின்னணு ஷட்டரைத் தெரிவுசெய்தால் பிளாஷ் எரியாது. இதனை அறியாமல் பிளாஷ் பழுது என்று திருத்தக் கொண்டுபோவோர் இருக்கின்றனர்.

மறுபுறத்தில், கமராவின் தலையில் பிளாஷைப் பொருத்தி நேராக முகத்தில் அடிப்போர். வியர்த்த நெற்றி பளபளக்கும். பின்சுவரில் நிழல் விழும். எல்லாவற்றிலும் மோசமானது ஓமப்புகை. வில்லைக்கு அருகிலிருந்து நேராகப் போகும் ஒளி புகையில் பட்டு வில்லைக்கே திரும்பி வரும். மணமக்கள் வெள்ளைத் திரைக்குப் பின்னால் மறைந்துவிடுவர். பக்கத்திலிருந்து வரும் ஒளியில் அதே புகை படத்துக்கு அழகு சேர்க்கும். ஆதலால், தலை திரும்பாத பிளாஷ் எவ்வளவு மலிவாயினும் திருமண வீட்டுக்கு வாங்கவே கூடாது. மேலே நிமிர்வது மட்டும் போதாது. கமராவை நிமிர்த்திப் பிடிக்கும்போதும் கூரையைப் பார்க்கத்தக்கதாக இடமும் வலமும் திரும்பவேண்டும்.

பற்றறி விடயத்தில் ஈழத்தவருக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. 1990 இன் பின்னர் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட மக்கள் நாம். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை சென்றது. அந்நிலையில், ஒரேயொரு பிரத்தியேகப் பற்றறியை நம்பிய பிளாஷ் என்ன ஆகும்? கொடொக்ஸ் வி 860 III போன்றவற்றின் லிதியம் பற்றறி முழுச் சக்தியில் ஏறக்குறைய 480 முறை எரியும் என்கின்றது தயாரிப்பு நிறுவனம், வசதியானதே. ஆனால், இரண்டாவது பற்றறியையும் சேர்த்தே அதன் விலையைக் கணக்கிடவேண்டும். நான்கு 'டபிள் ஏ' பற்றறியில் இயங்கும் பிளாஷ் என்றால், மீள்மின்னேற்றத்தக்க நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகையைப் பயன்படுத்துங்கள். சாதாரண அல்கலைன் வகையைவிட வேகமாக மீண்டும் தயாராகும். சான்யோ நிறுவனம் 2005 இல் எனெலூப்பை அறிமுகப்படுத்திய பின்னர், வைத்திருக்கும்போதே மின் வடிந்துபோகும் பழைய தொல்லையும் பெரும்பாலும் நீங்கிவிட்டது. மின்னேற்ற வழியில்லாத நாளில் எந்தச் சந்தியிலும் அல்கலைன் வாங்கிச் சமாளிக்கலாம்.

ஆகவே, எதை வாங்குவது? கையால் மட்டும் இயக்கும் கொடொக்ஸ் ரி.ரி. 600 போன்ற எளிய பிளாஷ், தொடங்குபவருக்குப் போதுமானது. ஆனால், கமராவைப் பார்த்து வாங்குங்கள்: கனொன் 2000 டி, 4000 டி ஆகியவற்றின் பிளாஷ் பொருத்துமிடத்தில் நடுத் தொடுமுனை இல்லை, இவ்வகைப் பிளாஷ் அவற்றில் எரியாது. தொழிலாகச் செய்பவர் ரி.ரி.எல். உள்ள நடுத்தரப் பிளாஷ் வாங்கலாம். ஆகப் பெரியது ஒன்றுக்குச் செலவிடும் பணத்தில் ஒரே வகை நடுத்தரப் பிளாஷ் இரண்டை வாங்குவது புத்திசாலித்தனம். ஒன்று பழுதானால் மற்றதில் அதே பொத்தான் அதே இடத்தில் இருக்கும். வாங்கியதும், சிறிது நேரம் பயன்படுத்தாவிட்டால் தானாக உறங்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். அது உறங்குவது பெரும்பாலும் தாலி எடுக்கும் நேரத்தில்தான்.

கடைசியாக, கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை. பிளாஷைக் கமராவில் பூட்டி, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தலையை வலப்பக்கச் சுவருக்குத் திருப்புங்கள். சக்தியை இரண்டு படி குறையுங்கள். மீண்டும் இரண்டு படி கூட்டுங்கள். பின்னர் கண்ணைத் திறந்து பாருங்கள். நினைத்தது நடந்திருந்தால் பணத்தைக் கொடுங்கள். நடக்கவில்லையானால், அதற்குள் எத்தனை வசதிகள் உள்ளன என்று விற்பனையாளர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதனை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.