வட்டியைக் குறைக்க வீட்டில் கணக்கு வேண்டும்

விதை வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். உர விலையில் பத்து ரூபாய் கூடினாலும் கேள்வி கேட்கிறோம். கடனுக்கு மட்டும் சொன்ன வட்டியைக் கொடுத்துவிடுகிறோம்.

கணக்கைப் பாருங்கள். உழவர் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். தவணைத் தேதிக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை. அதாவது, ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய். தமிழகக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் தவணை தவறாதோருக்கு அந்த வட்டியும் கிடையாது. அதே ஒரு லட்சத்தை வெளியில் மூன்று வட்டிக்கு வாங்கினால் 36,000 ரூபாய்!

பல வீடுகளில் கடன் விவரம் பெரியவரின் மனக்கணக்கில்தான் இருக்கிறது. மனைவிக்கும் தெரியாது, பட்டம் படித்த மகளுக்கும் தெரியாது. தேதி தவறுகிறது, சலுகை போகிறது, சிபில் மதிப்பெண் இறங்குகிறது. அடுத்த முறை வங்கி தயங்கும்போது வட்டிக்காரர் வாசலில் நிற்கிறோம்.

மழை பொய்த்தால் யாராலும் கட்ட முடியாது. குத்தகைதாரருக்கு ஆவணச் சிக்கலும் உண்டு. ஆனால் கையில் பணம் இருந்தும் தேதி தெரியாமல் சலுகையை இழப்பதை நாமே தடுக்கலாம். வீட்டில் படித்தவர் இருந்தால் மட்டும் போதாது, அவரிடம் பொறுப்பையும் கொடுக்க வேண்டும். சாகுபடி முடிவைப் பெரியவர் எடுக்கட்டும். வரவு செலவையும் தவணைத் தேதியையும் மகளோ மருமகளோ எழுதட்டும்.

விரிவாக்கப் பணியாளர்களே, அடுத்த கூட்டத்துக்கு அவர்களையும் அழையுங்கள்.