தாமதத்தில் காணாமல் போகும் சக்கர நாற்காலி

2024 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கிலிருந்து மும்பை வந்த ஏர் இந்தியா விமானத்தில் 80 வயதுப் பெரியவர் ஒருவரும் அவருடைய மனைவியும் வந்திறங்கினர். இருவருக்கும் சக்கர நாற்காலி முன்கூட்டியே பதிவாகியிருந்தது, கிடைத்தது ஒன்றுதான். மனைவியை அதில் அமர்த்திவிட்டு அவர் உடன் நடந்தார். குடியேற்றச் சோதனைப் பகுதியை எட்டியபோது சரிந்து விழுந்தார். உயிர் பிழைக்கவில்லை. அந்த விமானத்தில் 32 பேர் சக்கர நாற்காலி கேட்டிருந்ததாகவும், தரையில் 15 மட்டுமே காத்திருந்ததாகவும் அப்போது செய்திகள் வெளியாயின. விமானம் குறித்த நேரத்துக்கு வரவில்லை, தாமதமாகவே தரையிறங்கியது என்பதும் அச்செய்திகளின் ஓரத்தில் இருந்தது. அந்த வரியை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

சக்கர நாற்காலிக்குத் தேவை மிகுதியாக இருந்ததால் அவரைக் காத்திருக்கச் சொன்னதாகவும், அவரே மனைவியுடன் நடக்க விரும்பியதாகவும் விமான நிறுவனம் விளக்கம் அளித்தது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ) அதை ஏற்கவில்லை. அந்த மாத இறுதியில் 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. போதிய எண்ணிக்கையில் சக்கர நாற்காலிகளை வைத்திருக்குமாறு எல்லா நிறுவனங்களுக்கும் அறிவுறுத்தியது. ‘போதிய’ என்றால் எத்தனை என்பதுதான் கேள்வி. கால அட்டவணையை வைத்துக்கொண்டு கணக்கிட்டால், ஒரு மணிக்கு ஒரு விமானம், மூன்று மணிக்கு ஒரு விமானம் என்று 15 நாற்காலிகளே இரண்டுக்கும் போதும். முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகி, இரண்டும் ஒரே அரை மணி நேரத்துக்குள் தரையிறங்கினால் அந்தக் கணக்கு முழுவதும் பொய்த்துப்போகும். நம்முடைய உதவி ஏற்பாடு விமானங்கள் நேரத்துக்கு ஓடும் என்ற நம்பிக்கையின் மீது கட்டப்பட்டிருக்கிறது. நேரத்துக்கு ஓடாதபோதுதான் முதியவருக்கு உதவி அதிகம் தேவைப்படுகிறது.

எங்கள் உடுமலைப்பேட்டையிலிருந்து கோவை விமான நிலையம் சுமார் 70 கிலோமீட்டர். ஒரு தலைமுறைக்கு முன்பு இங்கே விமானப் பயணம் என்பது நூற்பாலை முதலாளிகளின் விவகாரம். இன்று கோவைக் கல்லூரிகளில் பொறியியல் படித்த பிள்ளைகள் டெக்சாஸிலும் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். பேரன், பேத்தி பிறந்தால் அங்கு போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வருவது எங்கள் தெருக்களில் சாதாரணச் செய்தி. போகிறவர்களில் பெரும்பாலோர் அறுபத்தைந்தைக் கடந்தவர்கள். பலர் காட்டு வேலையில் மூட்டுத் தேய்ந்தவர்கள். கால் டாக்ஸியில் இரண்டு மணி நேரம், புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையம். இதற்கிடையே பல்லடத்தைத் தாண்டும்போது ‘விமானம் நான்கு மணி நேரம் தாமதம்’ என்று கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தால், நகரத்துப் பயணி வீட்டிலேயே இருந்துகொள்வார். உடுமலைக்காரர் திரும்பியும் போக முடியாது. ஐந்து மணி நேரக் காத்திருப்பு ஒன்பது மணி நேரமாகும்.

தாமதம் நாற்காலியை எப்படிப் பறிக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். சக்கர நாற்காலி கேட்போரை விமான நிறுவனங்கள் உலகெங்கும் மூன்று வகையாகக் குறிக்கின்றன. ‘ஆர்’ வகையினர் படி ஏறுவார்கள், நெடுந்தொலைவு மட்டும் நடக்க முடியாதவர்கள். ‘எஸ்’ வகையினரால் படி ஏற முடியாது. ‘சி’ வகையினரை இருக்கை வரை கொண்டுபோய் அமர்த்த வேண்டும். பிள்ளைகள் இணையத்தில் பயணச்சீட்டு எடுக்கும்போது பெரும்பாலும் முதல் வகையையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஏரோபிரிட்ஜ் வழியாக ஏறும்வரை அதில் சிக்கல் இல்லை. தாமதமாக வரும் விமானத்துக்கு ஏரோபிரிட்ஜ் ஒதுக்கீடு கைமாறிப்போவது உண்டு. அப்போது விமானம் எட்டத்தில் நிறுத்தப்படும்; பயணிகள் பேருந்தில் போய்ப் படிக்கட்டில் ஏற வேண்டும். குறிப்பில் ‘ஆர்’ என்று இருப்பவருக்கு நாற்காலியைத் தூக்கி உயர்த்தும் ஆம்புலிஃப்ட் வண்டி ஒதுக்கப்பட்டிருக்காது. ஆம்புலிஃப்ட் இருக்கும் நிலையங்களிலும் அது ஒன்றிரண்டுதான். ஏரோபிரிட்ஜ் இல்லாத சிறு நிலையங்களுக்காக, சுகம்ய பாரத் திட்டத்தின் பெயரில், இந்திய விமான நிலைய ஆணையம் வாங்க முடிவு செய்தவை மொத்தம் 20; அவற்றில் 14 நிலையங்களில் 2021-இல் இயக்கத்துக்கு வந்தன. நல்ல தொடக்கம்தான். ஆனால், தாமதமான மூன்று விமானங்கள் ஒரே நேரத்தில் அந்த ஒற்றை வண்டிக்குக் காத்திருந்தால், மூன்றாவது விமானம் மேலும் தாமதமாகும்.

மனிதக் கணக்கும் இருக்கிறது. நாற்காலியைத் தள்ளும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். பயணியை வாயிலில் சேர்த்ததும் அவர்களுடைய வேலைக்கணக்கு முடிகிறது. நாற்காலியோடு அடுத்த விமானத்துக்கு ஓட வேண்டும். என் அத்தையுடன் ஒரு பெருநகர விமான நிலையத்தில் இணைப்பு விமானத்துக்காக நான் காத்திருந்தபோது இதை நேரில் பார்த்தேன். முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் அவர். ஒரு மணி நேரத் தாமதம் என்றார்கள், அது நான்கானது. நாற்காலி எப்போதோ போய்விட்டது. அந்தப் பையன் மரியாதையானவன், “வந்துவிடுகிறேன் பாட்டி” என்று சொல்லித்தான் போனான். அவனுடைய பணிநேரம் முடிந்திருக்கும். இடையில் வாயில் எண் வேறு மாறியது. அத்தை நான்கு மணி நேரமும் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கேட்டதற்கு, “தண்ணி குடிச்சா எந்திரிக்கோணும் கண்ணு” என்றார். கழிப்பறை அந்த நீண்ட கூடத்தின் மறுகோடியில் இருந்தது.

சட்டம் இந்த நிலையை எப்படிப் பார்க்கிறது? டிஜிசிஏ விதிகளில் மாற்றுத்திறனாளிகள், நடமாட்டம் குறைந்தோர் குறித்த பகுதி ஒன்று. தாமதம், ரத்து குறித்த பகுதி வேறொன்று. முதலாவதன்படி, 48 மணி நேரத்துக்கு முன்பு தெரிவித்துவிட்டால் புறப்பாட்டு முனைய வாயில் முதல் விமானம் வரையிலும், இறங்கியபின் வெளிவாயில் வரையிலும் கட்டணமின்றி உதவி தர வேண்டும். இரண்டாவதன்படி, இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்துக்கு விமானம் 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். 24 மணி நேரத்தைத் தாண்டினால் தங்கும் விடுதி. தாமதத்துக்குப் பண இழப்பீடு கிடையாது. நடமாட்டம் குறைந்தோர்மீது தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்று பொதுவான ஒரு வரி இருக்கிறது. அந்தக் கவனம் எந்த நிமிடத்தில் தொடங்கும், யார் செலுத்த வேண்டும், நாற்காலி பயணியிடமே இருக்க வேண்டுமா என்பதற்கு அந்த வரி விடை தருவதில்லை. ஆகவே, முப்பது வயது இளைஞருக்கும் எண்பது வயது நீரிழிவு நோயாளிக்கும் கடிகாரம் ஒன்றாகவே ஓடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதி இங்கே ஒரு படி மேலே போகிறது. நடமாட்டம் குறைந்தவருக்கும் துணைக்கு வருபவருக்கும், தாமதம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், உணவு முதலிய கவனிப்பு இயன்றவரை விரைவில் கிடைக்க வேண்டும் என்கிறது. 2008 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த இன்னொரு விதி, உதவியின் பொறுப்பை விமான நிலைய நிர்வாகத்திடம் ஒப்படைத்து, அதற்கான செலவை எல்லா விமான நிறுவனங்களிடமிருந்தும் பகிர்ந்து வசூலிக்கிறது. நம் நாட்டில் விமான நிறுவனம் ஒப்பந்ததாரரைக் காட்டும், ஒப்பந்ததாரர் விமான நிலையத்தைக் காட்டுவார். ஐரோப்பாவிலும் எல்லாம் ஒழுங்காக நடப்பதாக நான் சொல்லவில்லை. அங்கும் முதியவர்கள் மணிக்கணக்கில் கைவிடப்பட்ட செய்திகள் வருகின்றன. ஆனால், யாரைக் கேட்பது என்பதாவது அங்கே தெளிவு.

இங்கே விதிகள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு அவமதிப்புக்குப் பிறகும் ஒரு திருத்தம் வந்துகொண்டுதான் இருக்கிறது. பெருமூளை வாதம் உள்ள செயற்பாட்டாளர் ஜீஜா கோஷ் 2012-இல் கொல்கத்தாவில் ஸ்பைஸ்ஜெட் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார்; நான்கு ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் செய்தது. 2022 மே மாதம் ராஞ்சியில் சிறப்புக் குழந்தை ஒன்றை ஏற்ற இண்டிகோ மறுத்தது. 5 லட்சம் ரூபாய் அபராதம், அடுத்து விதித் திருத்தம். இவையெல்லாம் ஏற்ற மறுப்பதைப் பற்றியவை. ஏற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டு, நடுவழியில் நாற்காலியை எடுத்துக்கொண்டு போவதைப் பற்றி இன்னும் தனியாக எவரும் எழுதவில்லை. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்து நாட்டின் நிலையங்கள் சந்தைக்கூடங்களாக மாறியபோது, பணத்தைத் திருப்பித் தருவது பற்றிப் பேசினோம், விமானிகளின் பணிநேர விதி பற்றிப் பேசினோம். தரையில் உட்காரவும் எழவும் முடியாதவர்கள் அந்த இரவுகளை எப்படிக் கழித்தார்கள் என்பது விவாதத்துக்கு வரவேயில்லை.

நிறுவனங்கள் ஒரு நியாயமான புகாரை முன்வைக்கின்றன. நடக்க முடிந்தவர்களும் வரிசையைத் தாண்டுவதற்காக நாற்காலி கேட்கிறார்கள், அதனால் உண்மையில் தேவைப்படுவோருக்குக் கிடைப்பதில்லை என்கிறார்கள். ஊனமோ நடமாட்டக் குறைவோ இல்லாதவரிடம் கட்டணம் வாங்கலாம் என்ற யோசனையும் எழுந்திருக்கிறது. முறைகேடு உண்டு, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால், எங்கள் ஊரிலிருந்து நாற்காலி கேட்கும் பலருக்கு வரிசையைத் தாண்டும் எண்ணம் இல்லை. தில்லியிலோ துபாயிலோ விமானம் மாறும்போது அறிவிப்பு புரியாது, பலகை புரியாது, படிவம் நிரப்பத் தெரியாது. சக்கர நாற்காலியோடு ஒரு ஆள் வருவார், அவர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார் என்பதற்காகவே பிள்ளைகள் அதைப் பதிவு செய்கிறார்கள். அவர்களுக்குத் தேவை வழித்துணை. அதை நாற்காலியின்றிப் பெறுவதற்கு எளிய வழி இல்லாதபோது நாற்காலியைத்தான் கேட்பார்கள். கட்டணம் விதித்தால் வசதியுள்ளவர் கட்டிவிடுவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மகள் அனுப்பும் சீட்டில் போகிறவர் கூச்சப்பட்டு நடப்பார். மாறாக, தமிழ் தெரிந்த வழித்துணையாளர்களை நியமித்து, ‘நடப்பேன், துணை வேண்டும்’ என்ற தனி வகையைப் பதிவிலேயே வைத்தால் எத்தனையோ நாற்காலிகள் தாமாக விடுபடும்.

கோவை விமான நிலையத்தின் விரிவாக்கத்துக்காகத் தமிழக அரசு நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்திக் கொடுத்திருக்கிறது. புதிய முனையத்தின் வரைபடத்தில் எத்தனை ஏரோபிரிட்ஜ், எத்தனை கடைகள் என்பது முதலிலேயே எழுதப்பட்டுவிடும். ஒவ்வொரு புறப்பாட்டு வாயிலிலும் அந்த வாயிலுக்கே உரிய இரண்டு நாற்காலிகள், நூறு அடிக்குள் ஒரு அணுகத்தக்க கழிப்பறை, தாமதம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியதும் உதவிப் பதிவுள்ள பயணிகளை நேரில் வந்து பார்க்கும் ஒரு பொறுப்பாளர் ஆகியவற்றையும் இப்போதே எழுதிவைக்கலாம். பின்னால் சேர்ப்பதுதான் செலவு.

அதுவரை, பெற்றோரை அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒன்று: படி ஏறச் சிரமப்படுவார்கள் என்றால் ‘எஸ்’ வகையைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். மருந்துகளைக் கைப்பையில் ஒரு நாளைக்குக் கூடுதலாகவே வையுங்கள். நாற்காலி கேட்ட நேரத்தையும் வந்த நேரத்தையும் குறித்துக்கொண்டு, காத்திருப்பு நீண்டால் ஏர்சேவா தளத்தில் அந்த இரண்டு நேரங்களோடு புகார் செய்யுங்கள். பிரிட்டனில் இந்தக் காத்திருப்பு நேரங்களை வைத்து ஆண்டுதோறும் விமான நிலையங்களைத் தரம்பிரித்து வெளியிடுகிறார்கள். டிஜிசிஏயின் மாத அறிக்கையில் தாமதங்கள் இருக்கின்றன, புகார்கள் இருக்கின்றன. நாற்காலிக்குக் காத்திருந்த நிமிடங்களுக்கு ஒரு பத்தி இல்லை.