அரைக் கட்டை பிசகினால்

இசைத்தட்டு திரும்பி வந்துவிட்டது என்று கொண்டாடுகிறார்கள். தட்டு வந்தது சரி, அதைச் சுழற்றும் பழைய இயந்திரத்தைப் பழுது பார்க்கிறவர் வந்தாரா? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழர் வீட்டுப் பரண்களிலிருந்து இறங்கும் டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள்களைப் பார்க்கும்போது இந்தக் கேள்விதான் எழுகிறது.

‘நேரியக்கச் சுழல்தட்டு’ என்று எழுதத் தமிழ் எம்.ஏ. படித்த கை துறுதுறுக்கிறது. சோர் பஜார் மட்டன் தெருவில் அப்படிக் கேட்டால் கடைக்காரர் பாத்திரக் கடைக்கு வழி சொல்வார். டர்ன்டேபிள் என்றே இருக்கட்டும்.

சாதாரண டர்ன்டேபிளில் மோட்டார் ஓரமாக உட்கார்ந்து ரப்பர் பெல்ட் மூலம் தட்டைச் சுழற்றும். 1970இல் ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் டெக்னிக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்த எஸ்பி-10இல் பெல்ட்டே கிடையாது. மோட்டாரின் அச்சிலேயே தட்டு அமர்ந்தது. 1972இல் எஸ்எல்-1200 வந்தது. பிறகு அதன் ‘மார்க் 2’, குவார்ட்ஸ் கட்டுப்பாட்டுடன். அமெரிக்க டிஜேக்கள் அதைச் சொந்தமாக்கிக்கொண்டது உலகறிந்த கதை. நம்மவர்களுக்கு அதில் கிடைத்தது வேறு: சுருதி.

வேகம் ஆறு சதவீதம் கூடினால் சுருதி சுமார் அரைக் கட்டை ஏறிவிடும். சினிமாப் பாட்டில் கவனிக்காமல் விடலாம், ஆலாபனையில் காது சும்மா இருக்குமா? மார்க் 2இல் தட்டின் ஓரத்துப் புள்ளி வரிசைமேல் சிறு விளக்கு விழும். புள்ளிகள் அசையாமல் நின்றால் 33⅓ சுற்று கச்சிதம். பக்கத்தில் உள்ள பட்டியை நகர்த்தி வேகத்தை எட்டு சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். வயலின் பழகுகிறவர்கள் வித்வானையே தங்கள் சுருதிக்கு இழுத்துவந்து கூட வாசிக்கலாம். வித்வான் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பராமரிப்பு அதிகமில்லை. 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை அச்சில் இரண்டு, மூன்று சொட்டு எண்ணெய். தினம் ஒரு மணி நேரம் கேட்டால் ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடும். தேங்காய் எண்ணெய் விடாமலிருந்தால் போதும். உண்மையான எதிரி மும்பையின் மழைக்காலம். ஜூனில் ஏறும் ஈரம் ஸ்விட்சுகளுக்குள் களிம்பாகப் படிகிறது, தட்டுகளில் பூஞ்சையாகப் பூக்கிறது. இன்னொன்று மின்சாரம். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களும் கப்பல்காரர்களும் பெட்டியில் சுமந்து வந்தவை பல. அவற்றில் ஜப்பானிய உள்நாட்டு மாடல் 100 வோல்ட்டுக்கானது. டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் செருகினால் அத்தோடு சரி.

வயதானால் கெபாசிட்டர்கள் வற்றிப்போகும், வேகம் தள்ளாடும். லேமிங்டன் ரோட்டில் புதியவை சில ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ‘ஒரிஜினல்’ பாகத்தைத் தொடக்கூடாது என்று சேகரிப்பாளர்கள் சிலர் சத்தியாக்கிரகம் செய்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பாடுவதற்கு வாங்கியதா, பூஜைக்கு வாங்கியதா? கெட்டுப்போகும் முன்பே மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

கெபாசிட்டரை மாற்றலாம், வேகத்தை ஆளும் சில்லை மாற்றுவது கடினம். அதன் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. பெல்ட் இயந்திரம் அறுந்த பெல்ட்டோடு பிழைத்துக்கொள்ளும், பெல்ட்டே வேண்டாத இந்த இயந்திரம் நகமளவு சில்லுக்காக முடங்கிவிடும். 2010இல் நிறுத்தப்பட்ட 1200 வரிசை 2016இல் திரும்பியது. ஆனால் மோட்டார் வேறு. பழசுக்கு உதவாது.

ஆக, ஒன்று பிழைக்க இன்னொன்று சாக வேண்டும். செத்ததோ எடைக்குப் போகிறது. தாராவி 13ஆம் காம்பவுண்டில் பழைய டி.வி., கம்ப்யூட்டர் உறைகளைப் பொடியாக்கும் இயந்திரங்களுக்கு டர்ன்டேபிளும் இன்னொரு பிளாஸ்டிக்தான். பல நாகஸ்வர, நாடகத் தட்டுகள் மறுபதிப்பே காணாதவை. அவற்றைக் கேட்க ஊசியும் சுழலும் தட்டும் தவிர வேறு வழியில்லை.

மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவரின் மார்க் 2 நன்றாகவே ஓடுகிறது. இருந்தும், கை முறிந்த இன்னொரு மார்க் 2ஐ மட்டன் தெருவில் பேரம் பேசி வாங்கிவந்து கட்டிலடியில் வைத்திருக்கிறார். மருமகள் கண்ணில் படும்படி அதன்மேல் ஒரு சீட்டு: ‘ரத்த தானம் செய்யக் காத்திருப்பவர். குப்பையில் போடாதே அம்மா.’