கஷ்டப்படுகிறவருக்கு ஆறுதல் மட்டும் போதுமா?

ஜோலார்பேட்டை ஜங்ஷனில் நின்று பார்த்திருக்கிறீர்களா? சேலம் வழியாக வரும் ரெயில்களும், பெங்களூர்ப் பக்கமிருந்து வரும் ரெயில்களும் அங்கேதான் கூடுகின்றன. வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் தாண்டினால் காட்பாடி. அங்கே இறங்கினால் வேலூர் ஆஸ்பத்திரி. ஆகவே, அந்த ரெயில்களில் நோயாளி இல்லாத நாளே கிடையாது. எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சமீபத்தில் அங்கே ஒரு வாலிபரைப் பார்த்தேன். ஆம்பூரில் ஷூ தைக்கிறவர். நாலு மாதத்துக்கு முன்னால் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. அண்ணனும் மாமாவும் தூக்கி வந்து பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் தாயார். கழுத்தில் சிறிய சிலுவை.

பக்கத்தில் இருந்த பெரியவர் ஆறுதல் சொன்னார்: "ஆண்டவர் சோதிக்கிறாரும்மா. பொறுத்துக்குங்க. எல்லாம் நன்மைக்குத்தான்."

அந்தத் தாய் பதில் பேசவில்லை.

பெரியவர் நல்லவர்தான். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. கஷ்டம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால், கஷ்டம் தானாகவே யாரையும் பக்குவப்படுத்திவிடாது. சிலருடைய மனதைக் கசப்பாக்கிவிடுகிறது. சிலரை மூலையில் முடக்கிவிடுகிறது. வேறு சிலரோ வளர்கிறார்கள். இந்த வித்தியாசம் எப்படி வருகிறது? வேலூரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

டாக்டர் மேரி வர்கீஸ் கேரளத்துப் பெண். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானவர். 1954 ஜனவரியில், வயது முப்பதைத் தொடும் முன்பே, இடி விழுந்தது. சக டாக்டர்களுடன் அவர் சென்ற வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம். முதுகுத் தண்டிலும் அடி. உயிர் பிழைத்தார். கால்கள் பிழைக்கவில்லை.

ஜெபமும் விசுவாசமும் உள்ள பெண்தான். ஆனாலும் உடைந்து போனார். யார்தான் உடைய மாட்டார்கள்?

அதே ஆஸ்பத்திரியில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். வெள்ளைக்காரர். ஆனால் பிறந்தது நம் கொல்லிமலையில்! தொழுநோயால் மடங்கிப்போன கைகளை ஆபரேஷன் செய்து நிமிர்த்தியவர் அவர். நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து, செயலிழந்த விரலோடு இணைப்பார். விரல் மறுபடி வேலை செய்யும்.

இன்னொன்றையும் அவர் கண்டுபிடித்தார். தொழுநோயாளியின் விரலை நோய் தின்பதில்லை. வலி தெரியாததால் விரல் போகிறது. சூடான பாத்திரத்தைத் தொட்டாலும் தெரியாது. தூங்கும்போது எலி கடித்தாலும் தெரியாது. அதனால் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள் என்றால் பாருங்கள்! ஊசி குத்தினால் 'ஆ' என்று கையை இழுக்கிறோமே, அந்த வலிதான் நம் விரலைக் காப்பாற்றுகிறது.

வலியின் அருமையைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர், மேரியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலியைப் பற்றி உபதேசம் செய்திருக்கலாம். அதோடு அவர் நிற்கவில்லை. வேலை கொடுத்தார். கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம், நீங்கள் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டார்.

மேரி செய்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தொழுநோயாளிகளின் கைகளைத் திருத்தினார். நடக்க முடியாத ஒரு பெண் தங்கள் கையை நிமிர்த்துகிறாரே என்று அவர்களுக்கும் தெம்பு வந்தது. பிறகு ஆஸ்திரேலியாவிலும், நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்கிடமும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இப்படிப்பட்ட நிலையம் இந்தியாவில் அதுவே முதல். 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் காலமானார். கால்கள் மட்டும் கடைசி வரை திரும்பவில்லை.

வேதாகமத்தில் யோபு கதை உண்டு. எல்லாம் இழந்து சாம்பலில் கிடக்கிறார். மூன்று நண்பர்கள் வந்து ஏழு நாள் பேசாமல் கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை சரி! பிறகு வாயைத் திறந்து, நீ செய்த பாவம்தான் இது என்று விளக்கம் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். முடிவில் ஆண்டவர் கோபித்துக்கொண்டது அந்த நண்பர்களைத்தான். நம் வீடுகளிலும் அந்த நண்பர்கள் நிறைய. 'உன் தலையெழுத்து' என்கிறவரும் அவர்களில் ஒருவரே.

விசுவாசம் ஒருவரைத் தாங்கும். ஆனால் அது வளர இடம் வேண்டும். செய்வதற்கு ஒரு வேலை, தன்னால் பயன்பெறும் ஒரு ஆள், இவைதான் அந்த இடம். அதைக் கொடுக்க வேண்டியது பக்கத்தில் இருக்கும் நாம்.

நான் அந்த வாலிபரிடம் கேட்டேன்: "தம்பி, கை எப்படி இருக்கு?"

அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் காய்ப்பு. "கை நல்லாத்தான் இருக்கு, சார்."

பாகாயம் நிலையத்தைப் பற்றிச் சொன்னேன். உணர்ச்சியில்லாத உடம்பில் படுக்கைப்புண் சத்தமில்லாமல் வரும், அதனால் அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கப் பழக வேண்டும் என்றும் சொன்னேன். தாயார் முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"உட்கார்ந்து தைக்கிற வேலைதானே, சார்? மறுபடி செய்ய முடியுமா?"

ரெயில் வந்துவிட்டது. அண்ணன், மாமா, நான் என்று மூவரும் தூக்கினோம். கனமாக இருந்தது. அந்தப் பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நாலாவது பக்கத்தைப் பிடித்தார்.