ஆயிரத்தைந்நூறு டொலருக்கு ஒரு மஞ்சள் விளக்கு

போன கிழமை சித்தப்பா போன் எடுத்தார். தங்கச்சிக்கு முதல் கார் பார்க்கிறார்கள். அவள் செப்டம்பரிலிருந்து வாட்டர்லூவில் படிக்கப் போகிறாள். சனி ஞாயிறுகளில் ஸ்காபரோவுக்கு வந்து போக வேண்டும். இரண்டு கார்கள் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று 2009ஆம் ஆண்டுக் கார், 4,800 டொலர், குறைவாக ஓடியது, லெதர் சீட், மேலே சன்ரூஃப். மற்றது 2013, விலை 6,300. துணி சீட், பின்பக்கக் கதவில் ஒரு நெளிவு.

"தம்பி, முதலாவதைத்தான் எடுக்கிற யோசனை. நீ என்ன சொல்லுறாய்?"

"சித்தப்பா, அந்த 2009 காரில ஈ.எஸ்.சி. இருக்கோ?"

"ஏ.பி.எஸ். இருக்காம்."

"அது வேற, இது வேற."

"உதெல்லாம் பென்ஸ் காருக்கு, தம்பி. நான் முப்பது வருசமா உந்த ஸ்நோவுக்க ஓட்டுறன். ஒண்டும் நடக்கேல்லை."

சித்தப்பாவில் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கடைசி வசனத்தில்தான் கோபம். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் இதைச் சொல்லியிருப்பார். உங்களுக்கு முதல் கார் எடுத்துத் தருகிறபோது நிச்சயம் சொல்லுவார். அதனால் என் கட்சியை முதலே சொல்லிவிடுகிறேன்: ஆறு மாதம் ரோட்டில் பனி கிடக்கிற நாட்டில், புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளைக்கு ஈ.எஸ்.சி. இல்லாத காரை வாங்கிக் கொடுக்கக் கூடாது. விலை குறைவு என்பதற்காகவும் கூடாது. யாராவது சும்மா தந்தாலும் கூடாது.

ஈ.எஸ்.சி. என்றால் எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல். ஏ.பி.எஸ். என்பது நீங்கள் பிரேக்கை இறுக்கி மிதிக்கிறபோது சில்லுகள் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். நீங்கள் பிரேக்கில் கால் வைக்காவிட்டால் அது தூங்கும். ஈ.எஸ்.சி. தூங்காது. ஸ்டியரிங்கில் இருக்கும் சென்சர் நீங்கள் எந்தப் பக்கம் போக விரும்புகிறீர்கள் என்று சொல்லும். காரின் நடுவில் இருக்கும் இன்னொரு சென்சர் கார் உண்மையில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்லும். நாலு சில்லுகளின் வேகமும் தனித்தனியாக வரும். இவை எல்லாவற்றையும் ஒரு சின்னக் கணினி ஒரு வினாடிக்குப் பல தடவை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் கேட்டதும் கார் செய்வதும் ஒத்துப்போகவில்லை என்றால், அது ஒரே ஒரு சில்லுக்கு மட்டும் பிரேக் போடும். இடது பக்கம் திரும்பும்போது காரின் பின்பக்கம் வெளியே வழுக்கிப் போனால், முன் வலது சில்லைப் பிடிக்கும். திரும்பாமல் மூக்கு நேரே போனால், உள்பக்கப் பின் சில்லைப் பிடிக்கும். தேவைப்பட்டால் எஞ்சினின் வலுவையும் குறைக்கும். நீங்கள் "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் இது நடந்து முடிந்திருக்கும்.

உங்கள் காலடியில் இருப்பது ஒரு பிரேக் பெடல். அதை மிதித்தால் நாலு சில்லும் பிடிக்கும். ஒரு சில்லை மட்டும் பிடிக்க உலகத்தில் எந்த டிரைவராலும் முடியாது. சித்தப்பாவுக்கு முப்பது வருட அனுபவம் இருக்கிறது. நாலு பிரேக் பெடல் இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை.

2006இல் அப்பா தன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் புதுக் கார் வாங்கினார். நானும் கூடப் போனேன், மொழிபெயர்க்க. விற்பனைக்காரர் இரண்டு பொதிகளைக் காட்டினார். ஒன்றில் சன்ரூஃபும் நல்ல ஸ்பீக்கர்களும். அதற்கு மேலே இன்னொன்று, அதில்தான் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல். அது என்ன என்று அப்பா கேட்டார். "அது வேகமாக ஓடுகிறவர்களுக்கு, உங்களுக்கு ஏ.பி.எஸ். போதும்" என்றார் அவர். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். அப்பா சன்ரூஃபை எடுத்தார். அதை எத்தனை தரம் திறந்திருப்போம் என்று கேட்டால் ஒரு கைவிரல் போதும்.

2009 பெப்ரவரி. எனக்கு இருபது வயது. அம்மா பக்கத்தில் இருக்க, மிசிசாகாவில் ஒரு கலியாண வீட்டிலிருந்து திரும்பி வருகிறோம். 401க்கு ஏறும் வட்டப் பாதை. வேகம் அதிகமில்லை. நடு வளைவில் கொஞ்சம் வழுக்குவதுபோல இருந்தது. பயந்து அக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். அதுதான் நான் செய்த பிழை, எல்லாரும் செய்கிற பிழை. காலை எடுத்ததும் காரின் பாரம் முன்னுக்கு வந்தது, பின் சில்லுகள் பிடிப்பை விட்டன. பின்பக்கம் சுழன்றது. ஸ்டியரிங்கை மற்றப் பக்கம் வெட்டினேன், கூடிப்போயிற்று. ஒன்றரைச் சுற்று சுற்றி, வந்த பாதையைப் பார்த்தபடி வாய்க்காலில் நின்றோம். அம்மா டாஷ்போர்டில் கையை ஊன்றியிருந்தார். மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஆறு கிழமை கட்டு.

கவனியுங்கள், அந்தச் சம்பவத்தில் நான் பிரேக்கைத் தொடவே இல்லை. ஆகவே "போதும்" என்று சொல்லப்பட்ட ஏ.பி.எஸ்.க்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

வேகமாக ஓடியிருப்பேன் என்று அப்பா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன், கன வருடம். பிறகு மாஸ்டர்ஸ் படிக்கிறபோது ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு வகுப்பில், வளைவில் வழுக்கும் காரின் படத்தைப் பேராசிரியர் பலகையில் கீறினார். பின்பக்கம் வெளியே, முன் வெளிச்சில்லில் ஒரு அம்புக்குறி. அது என் கார். அந்த அம்புக்குறி ஒன்றுதான் எங்களிடம் இல்லாமல் போனது.

"பென்ஸ் காருக்கு" என்ற கதை எங்கிருந்து வந்தது? 1995இல் பொஷ் கம்பனியோடு சேர்ந்து மெர்சிடிஸ் தன் விலை கூடிய எஸ் கிளாஸ் காரில் இதைக் கொண்டுவந்தது. அதுவரை சித்தப்பா சொல்வது சரி. ஆனால் 1997 ஒக்டோபரில், அதே மெர்சிடிஸின் ஆகச் சின்னக் காரான ஏ கிளாஸை ஒரு சுவீடன் சஞ்சிகை சோதித்தது. ரோட்டில் திடீரென்று ஒரு மூஸ் மான் வந்தால் வெட்டி ஒதுங்குவதுபோன்ற சோதனை. கார் பிரண்டுவிட்டது. பெரிய மானக்கேடு. அதன் பிறகு ஏ கிளாஸ் எல்லாவற்றிலும் இதைச் சும்மாவே பூட்டிக் கொடுத்தார்கள். ஆக, இது பணக்காரக் காரின் சாமான் என்ற கதை 1997இலேயே முடிந்துவிட்டது.

மற்றக் கம்பனிகள்தான் முடிய விடவில்லை. ஏ.பி.எஸ். ஏற்கெனவே உள்ள ஒரு காரில் இதைச் சேர்க்க எவ்வளவு செலவாகும் என்று அமெரிக்க அரசாங்கம் 2007இல் கணக்குப் பார்த்தது. சராசரி 111 டொலர். ஒரு நல்ல சப்பாத்தின் விலை! ஆனால் கடையில் அதைத் தனியாகக் கேட்டால் பல இடங்களில் கிடைக்காது. மேல் தரத்தை எடு, லெதரை எடு, ஸ்பீக்கரை எடு, அதோடு உன் உயிரையும் சேர்த்துத் தருகிறோம் என்பதுதான் வியாபாரம். எங்கள் அப்பாமார் லெதருக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாமல் போனது அவர்களுடைய குற்றம் இல்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு விற்றார்கள். கடைசியில் கனடாவிலும் அமெரிக்காவிலும் சட்டம் போட வேண்டியிருந்தது: 2011 செப்டம்பர் 1க்குப் பிறகு செய்யப்படும் கார்கள் எல்லாவற்றிலும் கட்டாயம்.

பலன் எவ்வளவு? அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவனம், ஐ.ஐ.எச்.எஸ்., செய்த ஆய்வுகளின்படி, வேறு எந்தக் காரும் சம்பந்தப்படாமல் நீங்களே போய் விழுந்து சாகிற விபத்தின் அபாயத்தை இது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. அப்படித் தனியே கார் பிரண்டு சாகிற விபத்துகளில் நாலில் மூன்று பங்கு அளவுக்குக் குறைகிறது. காரில் வேறு எந்த ஒப்ஷன் இப்படி ஒரு கணக்குக் காட்டும்? சீட் பெல்ட்டைத் தவிர எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"அந்தக் காசுக்கு நல்ல ஸ்நோ ரயர் போடலாமே" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. ரயரைப் போடுங்கள், கட்டாயம் போடுங்கள். ஒன்ராறியோவில் 2016இலிருந்து அதற்குக் காப்புறுதியில் கழிவும் தர வேண்டும். ரயர் இல்லாத பிடிப்பை ஈ.எஸ்.சி. உண்டாக்காது. 40இல் எடுக்க வேண்டிய வளைவை ஐஸில் 90இல் எடுத்தால் அது உங்களை வாய்க்காலுக்குள் நேராகக் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். ஆனால் ரயரைப் பிறகும் வாங்கலாம், இந்தத் தைப்பொங்கலுக்கு இல்லாவிட்டால் அடுத்த நவம்பரில். ஈ.எஸ்.சி.யைப் பிறகு வாங்கிப் பூட்ட முடியாது. காரை எடுக்கிற அன்றைக்கே அது முடிவாகிவிடும்.

பழைய கார் பார்க்கப் போகிறீர்கள் என்றால், விற்கிறவரின் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். அவருக்கே தெரியாமல் இருக்கலாம். பெயர்க் குழப்பம் வேறு: ஹொண்டா இதை வி.எஸ்.ஏ. என்கிறது, டொயோட்டா வி.எஸ்.சி., நிசான் வி.டி.சி., மஸ்டா டி.எஸ்.சி. எல்லாம் ஒன்றுதான். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கார் செய்யப்பட்ட மாதமும் வருடமும் அதில் உண்டு. 2012 மாடல் என்று விற்கிற கார் 2011 ஜூனில் செய்யப்பட்டிருக்கலாம், அதனால் மாடலைப் பார்க்காமல் திகதியைப் பாருங்கள். பிறகு சாவியைப் போட்டு, எஞ்சினைத் தொடக்காமல் டாஷ்போர்டைப் பாருங்கள். ஒரு சின்னக் காரும் அதன் பின்னால் இரண்டு நெளிந்த கோடுகளும் மஞ்சளாக எரிய வேண்டும், தொடக்கியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது. எரியவே இல்லையென்றால் இரண்டில் ஒன்று: காரில் அது இல்லை, அல்லது பழுதை மறைக்க யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள்.

இன்னுமொரு கூட்டத்துக்கும் சொல்ல வேண்டும். இருக்கிற ஈ.எஸ்.சி.யை பட்டனை அமத்தி நிறுத்திவிட்டு, பிளாசா பார்க்கிங்கில் இரவு பதினொரு மணிக்குச் சறுக்கி வீடியோ எடுக்கிற தம்பிமார். அந்த பட்டன் கார் ஸ்நோவில் புதைந்தால் ஆட்டி வெளியே எடுக்கத்தான். அப்போது எஞ்சின் வலு குறையாமல் இருக்க வேண்டும். வெளியே வந்ததும் திரும்பப் போட வேண்டும். நிறுத்தினபடியே வீட்டுக்கு ஓடி வருகிற வீரத்தில் பின் சீட்டில் இருக்கிற தங்கச்சிக்கு என்ன பங்கு?

இரண்டு நாள் கழித்துத் தங்கச்சி ஒரு படம் அனுப்பினாள். 2009 காரின் டாஷ்போர்டு, சாவி போட்ட நிலையில். எல்லா விளக்கும் எரிகிறது, நெளிந்த கோடு மட்டும் இல்லை. கீழே அவள் எழுதியிருந்தாள்: "அண்ணா, அப்பா காருக்குள்ள தேடிக்கொண்டிருக்கிறார்."

அன்றிரவு சித்தப்பா திரும்ப எடுத்தார். ஈ.எஸ்.சி. பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"தம்பி, அந்த 2013இல ஒரு நெளிவு இருக்கெல்லே? அதைக் காட்டி ஒரு முந்நூறு குறைக்கலாமோ?"