22.4-ஐ மொட்டையாக மனப்பாடம் செய்யாதீர்கள்



காலாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் பேத்தி நேற்று ஒரு தாளைக் காட்டினாள். பதினொன்றாம் வகுப்பு வேதியியல் சூத்திரங்கள் மொத்தமும் ஒரே பக்கத்தில், கலர் கலராக. அழகுதான். "27 டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு எத்தனை லிட்டர் இருக்கும்மா?" என்று கேட்டேன். யோசிக்காமல் 22.4 என்றாள்.

44 கிராம் ஒரு மோல் என்று பிடித்தது சரி. ஆனால் 22.4 லிட்டர் என்பது 0 டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் மட்டும்தான். அந்த நிபந்தனை தாளில் இல்லை. பிவி = என்ஆர்டி போட்டு, 0.0821-ஐ 300 கெல்வினால் பெருக்கினால் 24.6 லிட்டர் வரும். அதே 0 டிகிரியில் அழுத்தத்தை ஒரு பார் என்று எடுத்தால் 22.7. சில புத்தகங்களில் 22.4, சிலவற்றில் 22.7 என்று இருப்பது இதனால்தான். பிள்ளைகள் எது தப்பு என்று குழம்புகிறார்கள். இரண்டும் சரி.

சூத்திரத் தாளே கூடாது என்று நான் சொல்லவில்லை. அலகும் நிபந்தனையும் எழுதாத தாள் வேண்டாம் என்கிறேன். நானும் பல வருடம் கரும்பலகையில் 22.4 என்று மட்டும்தான் எழுதிப் போட்டேன். என்னிடம் படித்தவர்கள் மன்னிக்கவும். உங்களில் இப்போது பாடம் நடத்துபவர்கள் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் பக்கத்திலேயே எழுதிப் போடுங்கள்.

பேத்தி சிவப்புப் பேனாவால் சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறாள். தாளில் இடம் போதவில்லையாம்.