ட்ரிப் பஸ்ஸுக்கு முற்பணம் கட்ட முன்னால் ஒரு விசயம்

ஹல்துமுல்லையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கும் பெற்றோருக்கும், பழைய மாணவர்களுக்கும், பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. அடுத்த கல்விச் சுற்றுலாக் கூட்டத்துக்கு வர முன்னால் வாசித்துவிடுங்கள்.

சில வருடங்களுக்கு முன் பிள்ளைகளைக் கொழும்பில் ஒரு காட்சிக்கூடத்துக்குக் கூட்டிப் போனோம். இடத்தின் பெயர் வேண்டாம், பிழை எங்களுடையதுதான். பாடசாலை விடுமுறைக் காலம், அதிலும் போயாவோடு சேர்ந்த நீண்ட வார இறுதி. காலையில் மிருகக்காட்சிசாலை, பிறகு காலிமுகத்திடல், அதன் பிறகு இங்கே. வந்து சேரும்போது பிற்பகல் இரண்டு மணி தாண்டிவிட்டது. வீதியோரம் முழுக்க ட்ரிப் பஸ்கள். டிக்கெட் வரிசையில் முக்கால் மணித்தியாலம் நின்றோம். உள்ளே இருந்தது இருபத்தைந்து நிமிடம். வரும் வழியில், "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டபோது தரம் 7 பிள்ளை ஒன்று சொன்னது: "முன்னுக்கு நின்ற ஆக்கள்ட முதுகத்தான் டீச்சர்."

பஸ்ஸே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்தப் பிள்ளையின் வாப்பா லொறிக்கு மரக்கறி ஏற்றுபவர். ட்ரிப் காசை மூன்று தடவையாகக் கட்டியவர். அந்தக் காசு யாரோ ஒருவருடைய முதுகைப் பார்ப்பதற்குப் போயிருக்கிறது.

கொழும்பில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு நாள் கூட்டமாக இருந்தால் அடுத்த ஞாயிறு போகலாம். எங்கள் பிள்ளைக்கு அந்த அடுத்த ஞாயிறு இல்லை. ஆகவே முன்கூட்டியே டிக்கெட் எடுப்பதும் கூட்டமில்லாத நாளைப் பார்ப்பதும் வசதியுள்ளவர்களின் வேலை என்று நினைக்காதீர்கள். ஒரே ஒரு முறை போகிறவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை.

அப்படி என்ன இருக்கிறது அங்கே என்று கேட்பவர்களுக்கு, கொழும்பு தேசிய நூதனசாலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில் கட்டப்பட்டு 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டியவர் எங்கள் சமூகத்தின் வாப்பிச்சி மரிக்கார். "உமக்கு என்ன வேண்டும்?" என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைத்தால் போதும் என்று அவர் கேட்டதாக மூத்தவர்கள் சொல்வார்கள். இதை எத்தனை பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லியிருக்கிறோம்?

உள்ளே காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டு என்று பொறித்திருக்கிறது. அவரே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய முறையிலும் காணிக்கைகளை எழுதிய ஒரே கல். 1911இல்தான் காலியில் கண்டெடுத்தார்கள். எங்கள் வகுப்பில் முஸ்லிம் பிள்ளையும் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். அவர்கள் இருவரும் அந்தக் கல்லுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றால், நாங்கள் ஒரு தவணை முழுக்கப் படித்துக் கொடுப்பதை விடக் கூடுதலாக விளங்கிக்கொள்வார்கள்.

கண்டி அரசர்களின் சிம்மாசனமும் அங்கேதான். 1815க்குப் பிறகு பிரித்தானியர் கொண்டுபோய் 1934இல் திருப்பிக் கொடுத்தது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையடித்த லெவ்கேயின் பீரங்கி உட்பட ஆறு பொருட்கள் 2023 டிசம்பரில் அங்கு வந்து சேர்ந்தன. அதுவரை அவை ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருந்தன. அங்கே போகிறவர் எத்தனை மணிக்கு உள்ளே வருவார் என்று முன்பே பதிவு செய்ய வேண்டும். பாரிஸ் லூவ்ரிலும் நேரம் குறித்த டிக்கெட்தான். 2024இல் சுமார் 87 இலட்சம் பேர் போன இடம் அது. கூட்டம் தாங்க முடியாமல் 2025 ஜூன் 16ஆம் திகதி ஊழியர்களே வேலையை நிறுத்தி, சில மணி நேரம் கதவு திறக்கவில்லை. பெரிய நாடுகளே கூட்டத்துக்குத் திட்டம் போடும்போது, நாங்கள் மட்டும் "போய்ப் பார்ப்போம், அல்லாஹ் விட்ட வழி" என்று போவது சரியில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று மிம்பரில் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்.

எங்கள் யோசனை இதுதான்.

நாள்: போயா, நீண்ட வார இறுதி, பாடசாலை விடுமுறை மூன்றையும் தவிர்ப்போம். செவ்வாய் அல்லது புதன் நல்லது. வெள்ளி வேண்டாம், ஜும்ஆவுக்காக நடுவில் ஓட வேண்டிவரும். வலயக் கல்விப் பணிமனை அனுமதிக்கு நேரம் எடுக்கும். ஆகவே நாளை இரண்டு மாதம் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

டிக்கெட்: போகும் இடத்துக்கு ஒன்லைனில் டிக்கெட் இருக்கிறதா, பாடசாலைக்கு என்ன சலுகை, அதிபரின் கடிதம் தேவையா என்று முதலில் கேட்போம். எல்லா வீட்டிலும் வங்கிக் கார்ட் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு ஆசிரியர் பெயர்ப் பட்டியலை வைத்து எல்லோருக்கும் சேர்த்து எடுத்தால் போதும். எடுத்ததைப் பிரிண்ட் போட்டும் வைக்க வேண்டும், போனை மட்டும் நம்ப முடியாது. நேரில்தான் கேட்க வேண்டும் என்றால், புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் எங்கள் ஊர்த் தம்பிமார் இருக்கிறார்கள். ஒரு மதிய இடைவேளையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வருவது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. பழைய மாணவர்களே, பாடசாலைக்கு என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்களே, இதைச் செய்யுங்கள்.

நேரம்: இரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டால் பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகப் போய், சுபஹையும் வழியில் தொழுதுகொண்டு, நூதனசாலை திறக்கும் காலை 9 மணிக்கு வாசலில் நிற்கலாம். அதுதான் முதல் இடம். கடலும் மிருகக்காட்சிசாலையும் பிற்பகலிலும் இருக்கும்.

உள்ளே: நாற்பத்தைந்து பிள்ளைகளை ஒன்றாகத் தள்ளிக்கொண்டு போகாமல் இரண்டாகப் பிரிப்போம். ஒரு குழு உள்ளே, மற்றது தோட்டத்து மரநிழலில். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். மும்மொழிக் கல், சிம்மாசனம், பீரங்கி, இந்த மூன்றையும் வகுப்பில் முன்பே சொல்லிக் கொடுத்துவிட்டு, அங்கே நின்று பார்க்க வைப்போம்.

சில பெற்றோர் கேட்பார்கள்: "இவ்வளவு காசு கட்டி நாலு இடம் கூடப் பார்க்காட்டி எப்படி?" நியாயமான கேள்விதான். பஸ் கூலி இன்றைக்கு இருக்கும் நிலையில் எங்களுக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் ஏழு இடத்தில் இறங்கி ஏறியதை ட்ரிப் கணக்கில் எழுதலாம், பிள்ளையின் மனதில் எழுத முடியாது. இரண்டு இடத்தை ஒழுங்காகப் பார்த்து வரட்டும்.

கூட்டத்தில் இதற்கு ஒரு முடிவு எடுப்போம், இன்ஷா அல்லாஹ். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், கோபிக்க மாட்டோம். பஸ்ஸுக்கு முற்பணம் கட்டிய பிறகு சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தப் பிள்ளை இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவளை இன்னொரு முறை கூட்டிப் போக எங்களுக்கு வாய்ப்புக் கிடைக்குமோ தெரியாது. அவளுடைய தம்பி வருகிற வருடம் தரம் 7.

வஸ்ஸலாம்.